மலை இறக்கத்தில் வந்த கருகல் வாடை: கிளட்சா, பிரேக்கா?

கேள்வி: மே மாதம் கோடை விழா பார்க்கக் குடும்பத்தோடு ஏற்காடு போயிருந்தோம். எங்களுடையது ஆறு வருடமான சின்ன பெட்ரோல் கார், கியர் வண்டி, 60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நான், என் கணவர், மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகள். ஓட்டியது நான். ஏறும்போது எந்தத் தொந்தரவும் இல்லை. இறங்கும்போது பாதி மலையில் ஏதோ கருகுகிற வாடை வந்தது. முன்னால் போன பஸ்ஸிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டோம். இன்னும் இரண்டு மூன்று வளைவு தாண்டியதும் பிரேக் பெடல் வழக்கத்தைவிட உள்ளே போனது. பயந்து ஓரம் கட்டினேன். முன் இடது சக்கரத்திலிருந்து மெல்லிசாகப் புகை. பக்கத்தில் நின்றிருந்த ஒருவர் பாட்டில் தண்ணீரைச் சக்கரத்தின் மேல் ஊற்றினார். அரை மணி நேரம் கழித்துக் கிளம்பி வீடு வந்து சேர்ந்தோம். ஒரு ஒர்க் ஷாப்பில் கிளட்ச் செட் முழுக்க மாற்ற வேண்டும் என்கிறார்கள். இன்னொருவர், மலை இறங்கினால் வாடை வரத்தான் செய்யும், ஒன்றும் செய்ய வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி? இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்று மாமனார் சொன்னதால் பெரும்பாலும் அப்படித்தான் இறங்கினேன். இப்போது வண்டி நன்றாகவே ஓடுகிறது. இடது முன் சக்கரத்தின் ரிம் மட்டும் கழுவிய இரண்டு நாளில் கறுத்துவிடுகிறது. இனி எந்த வாடை வந்தால் எதைச் சந்தேகப்பட வேண்டும் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.
வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: அன்புச் சகோதரி, கிளட்சை மாற்ற வேண்டாம். அந்தப் பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும். அதே நேரம், ஒன்றும் செய்ய வேண்டாம் என்றவரின் பேச்சையும் கேட்டுவிடாதீர்கள். நான்கு சக்கரத்திலும் பிரேக்கைக் கழற்றிப் பார்த்து, பிரேக் ஆயிலை முழுசாக மாற்றுகிறவரை இந்த வண்டி மலைக்கும் போகக் கூடாது, பைபாஸுக்கும் போகக் கூடாது. பக்கத்து ஒர்க் ஷாப் வரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

ஏற்காடு ரோட்டில் கோரிமேட்டுப் பக்கம் 28 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். கோடை விடுமுறையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் நீங்கள் எழுதியிருப்பதைத்தான் ஆள் மாற்றி ஆள் வந்து சொல்வார்கள். பாதி மலையில் வாடை வந்தது, பெடல் உள்ளே போனது, சக்கரத்தில் புகை பார்த்தோம் என்பார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, வாடை எப்போது வந்தது என்று. ஏறும்போதா, இறங்கும்போதா? ஓடிக்கொண்டிருக்கும்போதா, நின்ற பிறகா? ஏசி போட்ட பிறகா? வாடையின் தினுசை வாயால் சொல்வது கஷ்டம். கிளட்ச் கருகினால் பழைய செய்தித்தாளை எரித்த மாதிரி இருக்கும். பிரேக் கருகினால் கொஞ்சம் காரமாக, தொண்டையைப் பிடிக்கிற மாதிரி இருக்கும். ஆனால் பயத்தில் இருக்கும் மனிதருக்கு இரண்டும் ஒன்றுதான். நேரத்தைச் சொல்வதில் யாரும் தவறுவதில்லை.

உங்களுக்கு ஏறும்போது வாடை இல்லை, இறங்கும்போது வந்திருக்கிறது. கிளட்ச் பிளேட் எப்போது கருகும்? இன்ஜின் ஒரு வேகத்திலும் சக்கரம் வேறொரு வேகத்திலும் சுற்ற, நடுவில் பிளேட் வழுக்கிக்கொண்டு தேயும்போது. கொண்டை ஊசி வளைவில் மேலே ஏறுகிற வண்டி நெரிசலில் நின்று நின்று போகும்போது, பிரேக்கைப் பிடிக்காமல், கிளட்சைப் பாதி மிதித்தபடியே (ஹாஃப் கிளட்ச்) வண்டியைத் தாங்கி நிறுத்துவார்கள். பத்து நிமிஷம் அப்படிச் செய்தால் போதும், வாடை கிளம்பிவிடும். நீங்களோ நியூட்ரலில் இறங்கியிருக்கிறீர்கள். அந்த நேரம் கிளட்சுக்கு வேலையே கிடையாது. வேலை செய்யாத பாகம் எப்படிக் கருகும்? இன்னும் சந்தேகம் இருந்தால், பிரேக் வேலை முடிந்த பிறகு ஆளில்லாத சமமான ரோட்டில் நாலாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துப் பாருங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் எகிறி, வண்டி வேகம் எடுக்காமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. சத்தமும் வேகமும் சேர்ந்து மெதுவாக ஏறினால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. இந்தச் சோதனையைக்கூடச் செய்யாமல் கிளட்ச் செட் மாற்றச் சொல்கிற இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

அப்படியானால் கருகியது பிரேக். ஏன் கருகியது என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் சுமாரில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு. உங்கள் வண்டியும் அதில் இருந்த ஆறு பேரும் சேர்ந்து ஏறக்குறைய 1,300 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு எடையை 1,200 மீட்டர் கீழே கொண்டுவரும்போது வெளியாகிற சக்தி நாலு யூனிட் மின்சாரத்துக்கும் மேல். 45 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். ஏறும்போது பெட்ரோலாகக் கொடுத்ததுதான், இறங்கும்போது வெப்பமாக எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். கியரில் இறங்கினால் பெரும் பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் காற்றும் டயரும் எடுத்துக்கொள்வது போக மிச்சம் முழுக்க நாலு சக்கரத்துப் பிரேக்கின் தலையில்தான். அதிலும் முன் சக்கரங்கள் இரண்டுக்கும் பின் சக்கரங்களைவிடப் பங்கு அதிகம். இறக்கத்தில் வண்டியின் எடை முன்னால் சாய்வதால் அது இன்னும் கூடும்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்க வைத்தது அந்த வாடை இல்லை. பெடல் உள்ளே போனது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான்.

பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது எண்ணெய் இல்லை. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் ஒரு திரவம். டப்பா மூடியிருந்தாலும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் மூடியின் காற்றுத் துளை வழியாகவும் வருடக்கணக்கில் ஈரம் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். டாட் 3, டாட் 4 என்று இதில் தரம் உண்டு. புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரிக்குக் குறைந்து கொதிக்கக் கூடாது, டாட் 4 என்றால் 230. ஈரம் ஏறிய பிறகு அதே டாட் 3 ஆயில் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம், டாட் 4 ஆயில் 155 டிகிரியில். மலை இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுப் பிரேக்கிலேயே நிற்கும் வண்டியில், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தகட்டைப் பேட் என்கிற கட்டைகளால் இறுக்கிப் பிடிக்கும் கேலிப்பர் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். ஆயில் கொதித்தால் குமிழ் வரும். திரவத்தை அமுக்கினால் விசை அப்படியே சக்கரத்துக்குப் போகும். குமிழை அமுக்கினால் குமிழ் சுருங்கும், அவ்வளவுதான். உங்கள் காலுக்குக் கீழே பெடல் அமுங்கியதற்குக் காரணம் இது. அரை மணி நேரம் நின்றதும் சூடு தணிந்து குமிழ் மறைந்தது, பெடல் மேலே வந்தது. அதனால்தான் இன்றைக்கு வண்டி நன்றாக ஓடுகிறது. சமவெளியில் அது நன்றாகத்தான் ஓடும்.

சூட்டில் பிரேக் கெடுவது இன்னொரு விதத்திலும் நடக்கும். பெடல் கட்டியாகவே இருக்கும், ஆனால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. அது பேட் தன் பிடிப்பை இழந்துவிட்டதன் அடையாளம். உங்களுக்கு வந்தது முதல் வகை. இரண்டாவதைவிட ஆபத்தானது இதுதான். ஒரு வளைவில் பாதி பிரேக் இருக்கும், அடுத்த வளைவில் ஒன்றுமே இருக்காது.

தொழிலுக்கு வந்த புதிதில் இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் ஒரு தப்புச் செய்திருக்கிறேன். இதே மாதிரி ஒரு வண்டி வந்தது. பேட் தேய்ந்திருந்தது, மாற்றினேன். ஆயில் தேநீர் நிறத்தில் இருந்தது. அளவு குறையவில்லையே என்று அதை அப்படியே விட்டுவிட்டேன். அடுத்த மாதம் அவர் குடும்பத்தோடு மலைக்குப் போய் இறங்கும்போது பெடல் தரையைத் தொட்டது. அவர் நிதானமானவர், கியரைக் குறைத்து, பாறைப் பக்கமாக வண்டியை உரசவிட்டு நிறுத்தினார். வண்டியின் ஒரு பக்கம் முழுக்கப் போய்விட்டது, ஆட்களுக்குக் காயம் இல்லை. பள்ளத்துப் பக்கமாக இருந்திருந்தால் என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு என் பட்டறையில் பேட் மாற்ற வருகிற ஒவ்வொரு வண்டியிலும் ஆயில் டப்பாவைத் திறந்து பார்க்காமல் அனுப்பியதில்லை. உங்கள் வண்டிக்கு ஆறு வருடமாகிறது. இடையில் ஆயில் மாற்றியதாக நீங்கள் எழுதவில்லை. சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள் அது, ஆகிற செலவும் சில நூறு ரூபாய்தான். புது ஆயில் நல்லெண்ணெய்க்கும் வெளிறிய நிறத்தில் இருக்கும். உங்களுடையது காப்பி நிறத்தில் இருந்தால் நான் சொன்னது உறுதி.

அடுத்தது அந்த இடது சக்கரம். நியூட்ரலில் இறங்கியது மட்டுமே காரணம் என்றால் இரண்டு முன் சக்கரமும் ஒரே மாதிரி புகைந்திருக்க வேண்டும். இடது பக்கம் மட்டும் புகைந்திருக்கிறது, மலையிலிருந்து வந்த பிறகும் அந்த ரிம் மட்டும் கறுக்கிறது. அந்தக் கறுப்பு பிரேக் பேட் தேய்ந்து வருகிற தூள். நீங்கள் பிரேக் மிதிக்காதபோதும் அந்தப் பேட் டிஸ்க்கை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். நம் ஊர்ப் பேச்சில் பிரேக் ஜாம்.

இதை நீங்களே தெரிந்துகொள்ளலாம். ஒர்க் ஷாப்புக்குப் போகிற வழியிலேயே பாருங்கள். பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிப்போய், கடைசியில் வண்டியைத் தானாக உருண்டு நிற்க விடுங்கள். இறங்கி ஒவ்வொரு ரிம்முக்கும் ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைக் காட்டுங்கள். தொட வேண்டாம், டிஸ்க் தோலை உரித்துவிடும். மூன்று சக்கரம் வெதுவெதுப்பாக இருந்து இடது முன் சக்கரம் மட்டும் அடுப்புப் பக்கம் போல அனல் அடித்தால் விஷயம் முடிந்தது.

மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறேன், குறித்துக்கொண்டு போங்கள். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இறுக்கமாக இருந்தால், கேலிப்பரில் ஏர் எடுக்கிற திருகை லேசாகத் தளர்த்தச் சொல்லுங்கள். தளர்த்தியதும் சக்கரம் விடுபட்டால், அழுத்தம் திரும்பிப் போக முடியாமல் உள்ளே அடைபட்டிருக்கிறது. ரப்பர் ஹோஸ் உட்புறம் ஊதி அடைத்திருக்கலாம், பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரையும் பார்க்க வேண்டும். தளர்த்தியும் விடுபடாவிட்டால் கேலிப்பர் நகர்ந்து கொடுக்கிற கைடு பின்னோ, பேட்டைத் தள்ளுகிற பிஸ்டனோ துருப்பிடித்து நிற்கிறது. பேட் இரண்டையும் வெளியே எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி கதை தெரியும். ஒன்று தடியாகவும் ஒன்று ஒல்லியாகவும் இருந்தால் கைடு பின் நகரவில்லை. என் அனுபவத்தில் பத்து வண்டியில் ஏழு எட்டு இந்தப் பின்தான். மேலே இருக்கும் ரப்பர் உறை கிழிந்து, மழைத் தண்ணீரும் மண்ணும் உள்ளே போய் கிரீஸ் காய்ந்திருக்கும். பின்னைக் கழுவி, உறையை மாற்றி, பிரேக்குக்கு என்றே விற்கிற கிரீஸைப் போட வேண்டும். சாதாரண கிரீஸைப் போட்டால் ரப்பர் உப்பிப் போய் மூன்று மாதத்தில் திரும்பவும் பிடித்துக்கொள்ளும். இதில் சிக்கனம் பார்க்கிறவரைத் தடுத்து நிறுத்துங்கள்.

பேட் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தாலோ, மேற்பரப்பு கண்ணாடி போலப் பளபளத்தாலோ இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பின் சக்கர டிரம்மையும் கழற்றி ஷூ எப்படி இருக்கிறது, சிலிண்டர் கசிகிறதா, ஹேண்ட் பிரேக் கேபிள் முழுக்க விடுகிறதா என்று பார்த்துவிடட்டும். அதற்குப் பிறகு ஆயில். டப்பாவில் இருப்பதை உறிஞ்சிவிட்டுப் புதுசை ஊற்றுவது ஆயில் மாற்றியதாகாது. நாலு சக்கரத்திலும் திருகைத் திறந்து, பழைய நிறம் போய்ப் புது நிறம் வருகிறவரை வெளியேற்ற வேண்டும். பக்கத்தில் நின்று பாருங்கள், ஒரு மணி நேரம்கூட ஆகாது.

தண்ணீர் ஊற்றியவர் நல்ல மனசோடுதான் ஊற்றியிருப்பார். ஆனால் பழுக்கக் காய்ந்த இரும்பில் தண்ணீர் பட்டால் டிஸ்க் ஒரு பக்கம் மட்டும் சுருங்கி வளையலாம், விரிசலும் விடலாம். டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருக்கிறதா, கோடு மாதிரி விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்த பிறகு பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் உதறினால் டிஸ்க் வளைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இனி ஒருமுறை அப்படி நேர்ந்தால் எதையும் ஊற்றாமல் காற்றோட்டமாக நிறுத்திவைத்து ஆறவிடுங்கள். ரிவர்ஸ் கியரில் போட்டு இன்ஜினை அணைத்து, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ரோட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். மலை ரோட்டில் யாரோ விட்டுப்போன கல்லில் ஏறி இருட்டில் பைக்கோடு விழுந்த பிள்ளைகளைத் தூக்கிவிட்டிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

இனி உங்கள் மாமனார் சொன்ன விஷயம். அவர் ஓட்டிப் பழகிய காலத்துக் கார்புரேட்டர் வண்டிக்கு அந்தக் கணக்கில் கொஞ்சம் நியாயம் இருந்தது. அந்த இன்ஜின் வேகமாகச் சுற்றினால், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இப்போதைய வண்டிகளில் பெட்ரோலை அளந்து விடுவது கம்ப்யூட்டர். கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அது பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்ற வைக்கும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணைந்துவிடாமல் இருக்கப் பெட்ரோல் ஊற்றியே ஆக வேண்டும். ஆக, நியூட்ரலில்தான் பெட்ரோல் செலவு. அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், அனுபவம் உள்ளவர், புரிந்துகொள்வார். இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு மிதிக்கு மேல் பிரேக் கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் போய்விடும், சாவியை எடுத்தால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். பெங்களூரு ரோட்டில் தொப்பூர் கணவாயில் லாரி விபத்து என்று எத்தனை முறை பேப்பரில் படித்திருப்போம். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவது அதில் ஒரு பெரிய காரணம்.

எந்த கியரில் ஏறினீர்களோ அந்த கியரில் இறங்குங்கள். உங்கள் வண்டிக்கு ஏற்காடு ரோட்டில் அது பெரும்பாலும் இரண்டாவது கியர். மணிக்கு 25, 30 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் கொஞ்சம் உறுமும். 3,000 சுற்றுக்குப் போனாலும் அதற்கு ஒன்றும் ஆகாது, அதைவிட வேகமாகச் சுற்றவே அது செய்யப்பட்டிருக்கிறது. வண்டி அதையும் மீறி வேகம் பிடித்தால் வளைவுக்கு முன்னால் நேர் ரோட்டிலேயே அழுத்தமாக ஒரு மிதி மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை முழுக்க எடுத்துவிடுங்கள். பெடலின் மேல் காலை வைத்துக்கொண்டே வருவதுதான் கெடுதல். மிதித்து விட்டால் இடைப்பட்ட நேரத்தில் பிரேக் ஆறும். தடவிக்கொண்டே வந்தால் ஆற நேரமே கிடைக்காது. ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் டி-யில் விட்டுவிட்டு வருகிறார்கள். எல் அல்லது 2 என்ற இடம் இருந்தால் அதில் போடுங்கள், எம் இருந்தால் கழித்தல் குறிப் பக்கம் தள்ளி இரண்டாவது கியருக்குக் கொண்டுவாருங்கள். மின்சாரக் கார்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: மேலே தங்கிய இடத்தில் பேட்டரியை நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்க வேண்டாம். நிரம்பிய பேட்டரி இறக்கத்தில் வருகிற மின்சாரத்தை வாங்கிக்கொள்ள இடமில்லாமல், மோட்டார் வழியாக வேகம் குறைவது நின்று, எல்லாச் சுமையும் பிரேக்குக்கே வந்துவிடும்.

குப்பனூர் வழியாக இறங்கினாலும், கொல்லிமலை இறங்கினாலும் இதில் மாற்றம் இல்லை. பெடல் மறுபடி உள்ளே போனால் வேகவேகமாகப் பலமுறை மிதியுங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்பும். கூடவே ஒவ்வொரு கியராகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைப் பட்டனை அமுக்கிப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள்.

மற்ற வாடைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிக்னலில் நின்றால் அதிகமாகி, ஓடும்போது குறைகிற எண்ணெய்க் கருகல் என்றால் இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங்கில் கசிகிற ஆயில், புகை வெளியேறும் சூடான மேனிஃபோல்ட் குழாயில் சொட்டுகிறது. பானெட் ஓரத்தில் நீலப் புகை தெரியும். ஆயில் மாற்றிய மறுநாள் மட்டும் வந்தால் சிந்தியதுதான், போய்விடும். பாகு காய்ச்சுகிற மாதிரி இனிப்பு வாடை வந்தால் கூலன்ட் கசிகிறது; டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள், சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகத்தை வெந்துகொள்ளாதீர்கள். பாலிதீன் எரிகிற வாடை என்றால் குனிந்து சைலன்சரைப் பாருங்கள், ரோட்டில் பறந்த கேரி பேக் ஒட்டியிருக்கும். வண்டி பல நாள் நின்றிருந்து, ஓட்டிய முதல் நாள் நாரும் சருகும் கருகினால் எலி கூடு கட்டியிருக்கிறது. தோட்டம், வயல் ஓரம் நிறுத்துகிறவர்கள் மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது பானெட்டைத் திறந்து பாருங்கள். எலி கூடு மட்டும் கட்டாது, ஒயரையும் கடித்துவைக்கும்.

ஒயர் கருகுகிற வாடை மட்டும் தனி. பிளாஸ்டிக்கும் கருவாடும் கலந்த மாதிரி, வண்டி வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாமல் வரும். ஏசி ஃபேனையோ லைட்டையோ போட்டதும் வரும், அணைத்தால் குறையும். பெரும்பாலும் வண்டியோடு வந்த ஒயரிங்கில் குற்றம் இருக்காது. அதன் மேல் நாம் மாட்டிய லைட், ஹாரன், ஸ்பீக்கருக்காக ரிலே (அதிக மின்சாரத்தைத் தாங்குகிற சுவிட்ச்) இல்லாமல் ஒயரை வெட்டி ஒட்டுப் போட்டு டேப் சுற்றிய இடத்தில்தான் இருக்கும். ஃபியூஸ் போனால் அதே அளவுதான் போட வேண்டும். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. சிவப்பு இருந்த இடத்தில் மஞ்சளைப் போட்டால் ஃபியூஸ் போகாது, அதற்குப் பதில் ஒயர் எரியும். இந்த வாடை வந்தால் வீடுவரை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டக் கூடாது. நிறுத்தி, அணைத்து, முடிந்தால் பேட்டரியின் நெகட்டிவ் பக்கத்தைக் கழற்றிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

புகை சக்கரத்திலிருந்து வந்தால் நிறுத்தி ஆறவிடலாம், தீ மட்டும் பிடிக்கிறதா என்று தள்ளி நின்று கவனியுங்கள். பானெட்டிலிருந்தோ டேஷ்போர்டிலிருந்தோ வந்தால் ஒரு நிமிஷம்கூட உள்ளே உட்காராதீர்கள். பின் கதவில் குழந்தைப் பூட்டு போட்டிருந்தால் பிள்ளைகளால் உள்ளேயிருந்து திறக்க முடியாது. நீங்கள் இறங்கி வெளியிலிருந்து திறக்க வேண்டும். பெரியவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பை, செருப்பு எதையும் தேடாமல் எல்லோரும் நன்றாகத் தள்ளிப்போன பிறகு 112-ஐக் கூப்பிடுங்கள். பானெட்டை அகலத் திறந்தால் காற்றுப் புகுந்து குபீரென்று பிடித்துக்கொள்ளும். ஒரு கிலோ ஏபிசி தீயணைப்பான் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், டிக்கியில் சாமானுக்கு அடியில் இருந்தால் அவசரத்துக்குக் கைக்கு வராது.

வேலையெல்லாம் முடிந்ததும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நேராக மலைக்குப் போக வேண்டாம். முதலில் ஒரு வாரம் ஊருக்குள் ஓட்டுங்கள், இரண்டு ரிம்மும் ஒரே அளவு தூசியாகிறதா என்று பாருங்கள். பிறகு கூட்டமில்லாத ஒரு வேலை நாளில் காலையில் நீங்களும் உங்கள் கணவரும் மட்டும் ஏறி, இரண்டாவது கியரிலேயே இறங்கி, அடிவாரத்தில் செக்போஸ்ட் தாண்டி ஓரமாக நிறுத்துங்கள். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் உள்ளங்கையைக் காட்டுங்கள். இரண்டிலும் ஒரே சூடு என்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போய்வரலாம். இடது பக்கம் மட்டும் அனல் அடித்தால் அங்கேயே ஆறவிட்டு, வேலை செய்தவரை வரச் சொல்லி அவர் கையாலேயே அந்தச் சூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.